கர்த்தர் கொஞ்சம் தாமதிக்கட்டும்

ஞாயிற்றுக்கிழமை மதியம், பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் வெள்ளைப் புடவையில் இரண்டு பெண்கள், மடியில் வேதாகமத்தோடு, ஆராதனை முடிந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

“எல்லாரும் ‘இயேசுவே, சீக்கிரம் வாரும்’னு சொன்னப்போ நீ மட்டும் ஏன்டி வாயே தொறக்கல?” என்று மூத்தவர் கேட்டார்.

“அவர் சீக்கிரம் வரக்கூடாதுன்னுதான்க்கா நான் ஜெபம் பண்ணிகினு கீறேன்” என்றார் இளையவர்.

“இன்னாடி பேசற?”

“எங்க ஊட்டுக்காரர் இன்னும் சபைக்குள்ளயே வரல. இன்னிக்கே கர்த்தர் வந்துட்டா சபைல கீற என்னை மட்டும் மேல பரலோகத்துக்கு எடுத்துக்குவாரு. இவரு இங்க பூமில, கர்த்தரோட கோபாக்கினைல தனியா மாட்டிக்குவாரு. சோறுகூட போட்டுத் துன்னத் தெரியாது அந்த மனுசனுக்கு.”

“அதுக்காக? நோவுல கெடக்கறவங்க எல்லாம் அவர் வருகைக்குத்தான காத்துகினு கீறாங்க.”

“தெரியும்க்கா. ஆறு மாசம் போதும். போன வாரம் சபை வாசல் வரைக்கும் வந்தாரு. செருப்பைக் கழட்டலாமான்னு யோசிச்சுட்டுத் திரும்பிட்டாரு.”

தன் நிறுத்தம் வந்ததும் எழுந்த மூத்தவர், குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார்:

“ஆறு மாசம் பத்தாதுடி. ஒரு வருசமா கேளு. என் பையனும் இப்ப சபைக்கு வர்றதில்ல.”