பெரஸ் அம்மாவின் புகைப்படம்

கடைக்குப் பெயர்ப்பலகை எப்படியோ, வக்கீலுக்கு இணையதளம் அப்படி. கென்யாவின் கிசுமு நகரில் என் அலுவலகம் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது. படியேறி வர யாருக்கும் தோன்றாது, ஐயா. இணையதளம் வந்த பிறகுதான் நாற்காலிகள் நிரம்பின.

அதில் முதலில் என் படம்தான் இருந்தது. கோட்டும் டையுமாக, பின்னால் தடித்த சட்டப் புத்தகங்கள். ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. அப்போதுதான் பெரஸ் அம்மா வந்தாள். நகரத்தில் இறந்த மூத்த மகன் ஒகெல்லோவைச் சியாயாவில் தகப்பன் நிலத்தில் புதைக்க வேண்டும் என்றாள். மருமகள் நகரத்திலேயே அடக்கம் செய்வேன் என்று தடையுத்தரவு வாங்கியிருந்தாள். உடல் பிணவறையில். எங்கள் லுவோ இன வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிணம் மண்ணுக்குள் போகாதவரை அந்த வீட்டார் விதை போட முடியாது.

பெஞ்சில் முந்தானைத் துணியை வாயில் வைத்து அழுதாள். எங்கள் அலுவலகப் பெண் லவெண்டர் படம் எடுத்தாள். கீழே, 'இந்தத் தாய்க்காகப் போராடுகிறோம்' என்று போட்டோம். மறுவாரமே படியில் கூட்டம்.

"சார், அழுற அம்மாவப் பாத்துட்டுத்தான் எல்லாரும் ஃபோன் பண்றாங்க. உங்க மூஞ்சிய யாரும் கேக்கல," என்றாள் லவெண்டர். அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது. ஆனால் சொன்னது உண்மை.

அந்த மழைக்காலத்திலேயே மருமகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"நான் வழக்க விட்டுடறேன், வக்கீலய்யா. அத்தையே அவர எடுத்துட்டுப் போகட்டும். நானே பேசவா?"

யோசித்தேன். வழக்கு முடிந்தால் இணையதளத்திலிருந்து படத்தை நீக்க வேண்டும். சிரிக்கும் கிழவியைப் பார்த்து எவன் படியேறுவான்?

"பேசாதம்மா," என்றேன். "உன் குரலக் கேட்டா சாபம் விட்டுருவேன்னு அத்தை சொல்லியிருக்காங்க. கோர்ட்டுல நாள் ஆகும், நான் பாத்துக்கறேன்."

தாயின் சாபத்துக்கு எங்கள் ஊரில் பயப்படாதவர்கள் இல்லை. அவள் வாயை மூடிக்கொண்டாள். பெரஸ் அம்மாவிடம், மருமகள் கல்லாக இருக்கிறாள் என்றேன். இரண்டு பேரையும் நான் திட்டவில்லை, மிரட்டவில்லை.

வரும்போதெல்லாம் பெரஸ் அம்மா எனக்குக் பொடிமீன் கருவாடு கொண்டுவருவாள். அவள் வீட்டில் உலை வைக்க ஒன்றுமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. மீன் நன்றாக இருக்கும்.

"பக்கத்து நிலமெல்லாம் சோளம் நெஞ்சளவு நிக்குது, மகனே. என் நிலத்துல புல்லுதான். சின்னவனும் வேலை தேடிப் போயிட்டான். இந்த மழைக்காவது மண்ணுக்கு வருவானா என் மூத்த புள்ள?"

"வருவான், அம்மா. கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தாள். அடுத்த மழையும் வந்து போனது. கன்னம் ஒட்டியிருந்ததால் இரண்டாவது படம் இன்னும் நன்றாக வந்தது. அதையும் போடச் சொன்னேன். லவெண்டர் முதல்முறையாக என்னிடம் வாயாடாமல் போட்டாள். மாத முடிவில் வேலையை விட்டுவிட்டாள்.

மூன்றாவது மழை தொடங்கியபோது பெரஸ் அம்மா வரவில்லை. வெறும் நிலத்தின் நடுவில் தன் குடிசையில் செத்துக் கிடந்தாளாம். பசி என்றார்கள். வயதும்தான் காரணமாக இருக்கும். துக்கத்துக்கு வந்த மருமகள் எல்லார் முன்னிலையிலும், "நான் எப்பவோ சம்மதிச்சுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாளாம். அதனால்தான் நீங்கள் இப்போது விசாரணைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஆம், சம்மதத்தை மறைத்தது நான்தான். அவளைப் பட்டினி போட்டதும் நான்தான் என்று நீங்கள் எழுதிக்கொண்டால், கையெழுத்துப் போடுகிறேன்.

தாயையும் மகனையும் ஒரே நாளில் அடக்கம் செய்தார்கள். என்னை உள்ளே விடவில்லை. வேலிக்கு வெளியே நின்று புது மண் குவியல் இரண்டையும் என் கைபேசியில் படம் எடுத்தேன். அன்று மாலையே நானே இணையதளத்தில் ஏற்றினேன். கீழே, 'சொன்னபடி மகனைத் தாயிடம் சேர்த்தோம்' என்று எழுதினேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஐயா. அந்த இணையதளத்தில் ஒரு பொய்கூடக் கிடையாது.