பதினாறு வரி

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு நான் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் குடித்தவை. நான்கு நாளாக அப்படியே கிடந்தன. அது என் வழக்கமில்லை. நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. என் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஞாயிறுதோறும் ராப் பாடுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். எந்த வருடம் இந்த நகரத்து ராப் யார் கையில் இருந்தது என்று சண்டை போடுவார்கள். சுவரில் பதினொரு வருடங்களை மார்க்கரால் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பட்டப்பெயர். பெயரை மாற்றச் சொல்கிறவர் வாதாட வேண்டும்; நேரில் பாடச் சொல்லியும் கேட்கலாம். கடைசியில் நான் அந்த வருடத்துப் பதிவைப் போட்டுக் காட்டுவேன். எல்லாரும் முதல் பாட்டை என்னிடம்தான் பதிவு செய்தார்கள். அதனால் என் சொல்லுக்கு மேல் பேச்சில்லை.

முதல் மூன்று வருடம் கொக்கி. பேருந்து நடத்துநர். அவருக்கு முன்னால் இங்கே யாரும் வீட்டில் பேசுகிற பேச்சில் பாடியதில்லை. இளசுகளுக்கு அவரைப் பிடிக்காது. அது பாட்டா, பஸ் கிளம்புற சத்தமா என்று கேட்பார்கள். "அந்த பஸ்ஸுல நீ அரை டிக்கெட்டு, பேசாம உக்காரு" என்பார் அவர். அடுத்த இரண்டு வருடம் தையல்காரி. அதற்கடுத்த வருடத்துக்கு இன்னும் தீர்ப்பு வராமல் கேள்விக்குறி மட்டும் இருந்தது. மீதி ஐந்தும் என் தங்கையின் கணவருடையவை.

அவரை எல்லாரும் மூச்சு என்று கூப்பிட்டார்கள். பதினாறு வரியை ஒரே மூச்சில் பாடிய பாட்டால் வந்த பெயர். அவருக்கு எதிராக யார் வாதாடினாலும் அந்தப் பாட்டைப் போடுவேன். வாதம் முடிந்துவிடும்.

அவருக்கு ஆஸ்துமா. பதினாறு வரியையும் ஒன்பது துண்டாகப் பதிவு செய்தோம். இடையில் இருந்த மூச்சுகளை வெட்டி ஒட்ட எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. சுத்தமான வேலை. எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. தங்கைக்கும் தெரியாது.

அந்த ஞாயிறன்று ஊசி வாயைத் திறந்தாள். செல்போன் பழுதுபார்க்கும் பெண், ஆறு மாதமாகக் கூட்டத்துக்கு வருகிறவள். நிதானமாகத்தான் சொன்னாள்.

"மேடையில ஆறாவது வரி வந்தா மைக்க ஜனங்க பக்கம் நீட்டிடறாரு. நாலு தடவ பாத்துட்டேன். இங்க நம்ம முன்னாடி ஒரு தடவ பாடட்டும். பாடிட்டா நான் வாயத் தெச்சுக்கறேன்."

கொக்கி மட்டும் சிரித்தார். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சுவரின் விதி அது, மறுக்க முடியாது. அடுத்த ஞாயிறு என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து கோப்பையைக்கூடக் கழுவவில்லை. ஒன்பது துண்டு என்று தெரிந்தால் மற்றதையும் கேட்பார்கள். கொக்கிக்குத் தாளம் எங்கே தப்பியது, தையல்காரியின் சுருதியை நான் எத்தனை இடத்தில் தூக்கிவிட்டேன். பதினொரு வருடமும் சுவரிலிருந்து உதிர்ந்துவிடும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து போய்ப் பார்த்தேன்.

வியாழக்கிழமை நான் கோப்பை கழுவும்போது வந்த மாப்பிள்ளையிடம் பயமே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிடப் போவதாகச் சொன்னார். சொன்னால் தேவலை போல இருக்கிறது என்றார். நான் சரி என்றேன். அதற்கு முன் ஒரு தடவை முயன்று பார்க்கலாமே என்றேன்.

உள்ளே புழுங்கும் என்பதால் வழக்கம்போலச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். இன்ஹேலர் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்து அனுப்புவது என் பொறுப்பு. தங்கை என்னிடம் ஒப்படைத்தது. அன்று கொடுக்கவில்லை. மறக்கவுமில்லை.

பாடும் அறை ஓர் அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிது. கதவின் ரப்பர் பட்டை தேய்ந்துவிட்டது. வெளியே தாழ்ப்பாள் போட்டு இறுக்கினால்தான் தெருச் சத்தம் உள்ளே போகாது. உட்பக்கம் கைப்பிடி கிடையாது. என்னை நம்பித்தான் எல்லாரும் உள்ளே போவார்கள்.

இரண்டு தடவை ஏழாவது வரியில் நின்றார். லேசாக இழுப்பு தொடங்கியது. கண்ணாடி வழியாகக் கையை நீட்டிக் கேட்டார். நான் அசையவில்லை. அவர் கதவைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது. உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டினார். நான் பொத்தானை அழுத்தி ஹெட்ஃபோன் வழியாக அவர் காதுக்குள் பேசினேன்.

"முழுசா பாடுங்க மாப்ள. திறக்கறேன்."

அந்த நேரத்தில் திறக்கும் எண்ணம் இருந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அவர் பாடினார். பதினாறு வரியும். ஒரே மூச்சில். எப்படி என்று எனக்குத் தெரியாது, டாக்டரைக் கேளுங்கள். என் ஒன்பது துண்டில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. உயிர்ப்பயம். வரிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெளியே ஓடிவந்தன.

எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை இதையே பாடிவிடுவார், சுவரும் தப்பிக்கும். ஆக, சுவருக்காகச் செய்தது போல முதலில் உங்களிடம் சொன்னது சரியில்லை. இனி அவருக்கு வெட்டி ஒட்டும் என் கை தேவையில்லை. கையை எடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவர் அடங்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று. ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை.

இழுப்பு என்று தங்கையிடம் சொன்னேன். நம்பினாள். சட்டையை மடித்து அவளிடம் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு ஊசி அழுதாள். கேள்விக்குறி இருந்த வருடத்துக்கும் அவர் பெயரை அவளே எழுதினாள். இப்போது ஆறு வருடம் அவருடையது. அவருக்கு நான் கெடுதல் ஒன்றும் செய்துவிடவில்லை.

பதிவை அழிக்க மூன்று தடவை உட்கார்ந்தேன். இந்த நகரத்தில் அப்படி யாரும் பாடியதில்லை. யாராவது கேட்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து உங்களைக் கூப்பிட்டது அதற்குத்தான். ஹெட்ஃபோனைப் போட்டுக்கொள்ளுங்கள். பதினாறாவது வரிக்குப் பின்னால் வருவதை வெட்டிவிட நினைத்தேன். என் விரல் அந்த இடத்துக்குப் போக மறுக்கிறது. நான் தாழ்ப்பாளைத் தொட்டதும் தட்டுகிற சத்தம் நின்று, அவர் லேசாகச் சிரிப்பது கேட்கும்.

"பாத்தீங்களா மச்சான், வந்துடுச்சு. இப்ப திறங்க."