மாப்பிள்ளைக்கும் ஒரு பாட்டில்

உக்காருங்க மேடம், அது அவ்வளவு சீக்கிரம் வராது. நீங்க வந்ததுலேருந்து என் பொண்ணு ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சிட்டா. ஒருத்தி பக்கத்துலயே நின்னு உத்துப் பாத்துக்கிட்டிருந்தா, கட்டிப்போட்ட மாடுகூட அடக்கிக்கும்.

அய்யோ, உங்களைத் தப்பு சொல்லல. உங்க கூட வந்த பொண்ணு கொல்லையில அவளோடயே நிக்கட்டும். நாம காபி குடிப்போம். பாக்ஸிங் ஆடுற புள்ளைங்க ஊசி மாத்திரை போட்டுக்கிட்டு மோதக் கூடாது, ஒண்ணுக்குப் புடிச்சுப் பாத்தா தெரிஞ்சிடும். சரிதான். ஆனா எங்க வானதிய மட்டும் வீடு தேடி வந்து புடிக்கிறீங்களே, ஃபைனல்ல இவள அடிச்சு கோல்டு வாங்கினவ வீட்டுக்குப் போனீங்களா? ஒரே வருஷத்துல அவ தோளு ரெண்டு மடங்காயிருக்கு. அவ அப்பாரு பாக்ஸிங் சங்கத்துல பெரிய ஆளு.

சொல்லக் கூடாதா? சரி விடுங்க. நெல்லு கொள்முதல்லயும் இதே கூத்துதான். எங்க மூட்டைன்னா ஈரம் பாக்குற மெஷினைக் குத்தி, ஈரமா இருக்கு, காயப் போடும்பான். பெரிய பண்ணை நெல்லு வந்தா மெஷின்ல பேட்டரி இருக்காது.

வானதி கொதிச்சுப் போயிருக்கா. எவனோ போட்டுக் குடுத்திருக்கான், ஆளு தெரிஞ்சா பல்லைப் பேத்துடுவேங்குறா. பேப்பாளும். ஜுரம் வந்தாக்கூட கோச்சைக் கேக்காம மாத்திரை முழுங்க மாட்டா மேடம். அவ உடம்புல இருக்குறதெல்லாம் பழைய சோறும் கருவாடும்.

ஊசின்னதும் ஞாபகம் வருது. இவளுக்கு ஒரு வரன் வந்திருக்கு. சூர்யபிரகாஷ்னு பேரு, சிங்கப்பூர்ல வேலை. இந்தாங்க போட்டோ. சட்டையோட ஒண்ணுகூட கெடையாது. கையா அது, திருவாரூர் தேரு வடம். ஜிம்முல ஊசி போட்டு ஏத்தினதுன்னு அவன் தம்பியே சிரிச்சிக்கிட்டு சொல்றான். அது ஆம்பளைக்கு அழகாம். எம்பொண்ணு கையில கொஞ்சம் முறுக்கு தெரிஞ்சா மட்டும், இவ என்னத்தையோ போட்டிருக்கா, புள்ள பொறக்காதுன்னு அவன் அம்மா திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டுல நின்னு பேசுறா. டெஸ்ட் எடுத்துக் காட்டுங்க, அப்புறம் பாக்கலாங்குறா.

வேண்டாம்னு தூக்கிப் போட்டிருப்பேன். இவளுக்கு அவனைப் புடிச்சுத் தொலைச்சிருக்கே. எங்க வீட்டுக்காரர் வேற, எதுக்கும்மா வம்பு, ஆட்டத்தை விட்டுடுன்னுட்டாரு. இவ கிளவுஸைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு அன்னைக்கு பூரா சாப்பிடல மேடம். தஞ்சாவூர் லேபுல போய் இந்த ஊசி டெஸ்ட் எடுப்பீங்களான்னு கேட்டேன். இதெல்லாம் இங்க பாக்க மாட்டோம்னு அனுப்பிட்டாங்க.

அவ கொல்லையிலதானே இருக்கா? கொஞ்சம் கிட்ட வாங்க. உங்க ஆபீசுக்குப் போன் பண்ணி, வானதி மேல சந்தேகமா இருக்குன்னு சொன்னது நான்தான்.

முழிக்காதீங்க. எம்புள்ளையப் பத்தி எனக்குத் தெரியும். ரிசல்ட் வந்ததும் கொண்டுபோய் மாப்பிள்ளையோட அம்மா கையில குடுத்துட்டு, இப்ப உங்க புள்ளையோடத எடுங்கன்னு கேக்கணும். உங்க பெட்டியில பாட்டில் இன்னொண்ணு இருக்கும்ல? அவன் நாளைக்குத்தான் ஊருக்கு வரான்.

இதோ வந்துட்டா. என்னடி, முடிஞ்சுதா? ஒண்ணுமில்ல, எவன் போட்டுக் குடுத்தான்னுதான் கேட்டுக்கிட்டிருந்தேன். மேடம் வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க.