மூடி போட்டு எடுத்த படம்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் டாக்டர் எசென்கான் அவர்களே, மருத்துவமனைப் பெரியவர்களே, அம்மாவை இழந்த நாற்பதாம் நாளிலும் வந்தவர்களுக்கெல்லாம் தன் கையால் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும் தங்கை கலிப்பா அவர்களே, நரின் வானம் பார்ப்போர் சங்கத்து நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் சலாம்.

நான் தோக்தோரலி, பஸ் டிப்போ மெக்கானிக். எனக்கு மைக் பழக்கமில்லை. இரண்டு நிமிடம் போதும் என்றார்கள். போதாது. நான் சொன்ன ஒரு பொய்யை உங்கள் முன்னால் திருத்திவிட்டுத்தான் உட்காருவேன்.

கலிப்பாவின் அம்மா, மரியாதைக்குரிய துர்துகுல் சாதிரோவா அவர்கள் இருபத்தாறு வருடம் நம் மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் இருந்தார். "மூச்சைப் பிடிங்க... இப்ப விடுங்க." இந்த மண்டபத்தில் அந்தக் குரலுக்கு அடங்காதவர் யார்? டாக்டர், நீங்களே முறிந்த விலா எலும்போடு போய் நிற்கவில்லையா? குதிரையிலிருந்து விழுந்ததாகச் சொன்னீர்கள். கழுதை என்பது அக்காவுக்கும், உங்களைத் தூக்கிவந்த எனக்கும் மட்டுந்தான் தெரியும். வெளியே ஒரு வார்த்தை போனதா? அதுதான் துர்துகுல் அக்கா.

அதே குரலைத் தொலைநோக்கி பக்கத்திலும் கேட்டிருக்கிறோம். யாராவது அசைந்தால் படம் கெட்டுவிடும், அதனால் அங்கேயும் மூச்சைப் பிடிக்க வேண்டும். முதல் கேமராவைத் தொலைநோக்கியோடு பெல்ட் போட்டுக் கட்டிப் படம் எடுத்தார். இரண்டாவது கேமராவின் பேட்டரி நம் ஊர்க் குளிரில் செத்துப்போகும். அதை அக்குளில் வைத்துச் சூடாக்கி எடுத்தார். மூன்றாவது, சென்ற குளிர்காலத்தில் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வேன்காரர் மடியில் வந்து இறங்கியது. தன்னைத் தானே குளிரவைத்துக்கொள்ளும் கேமரா! நரினில் இல்லாத குளிரா என்று நான் சிரித்தேன். "குளிர் பெரிசில்ல தம்பி. ராத்திரி பூரா ஒரே குளிரா இருக்கணும். அதான் விஷயம்" என்றார்.

புதுப் பெட்டியைப் பிரித்தால் மேகம் வரும் என்பது நம் சங்கத்தின் பழைய கிண்டல். வந்தது. ஒன்பது நாள் வானமே தெரியவில்லை. அந்த ஒன்பது நாளில்தான் நான் என் வேலையைக் காட்டினேன். கேமராவைத் தொலைநோக்கியோடு பொருத்த ஒரு வளையம் கடைந்து தருகிறேன் என்று ஒர்க்‌ஷாப்புக்கு வாங்கிப் போனேன். வளையத்தைக் கடைந்தேன். பிறகு கை சும்மா இருக்குமா? நாலு திருகாணியைக் கழற்றி உள்ளே பார்த்தேன். மூடும்போது என் விரலிலிருந்து சுருக்கென்று ஒரு பொறி உள்ளே பாய்ந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை இரவு, வானம் தெளிந்தது. அக்கா ஆண்ட்ரோமெடா மண்டலத்தைப் படமெடுத்தார். பழைய படங்களில் இல்லாத ஒரு வெளிச்சப் புள்ளி அதில் இருந்தது. திடீரென்று வெடித்துப் பிரகாசிக்கும் நட்சத்திரமாக இருக்கலாம். முதலில் பார்த்துச் சொன்னவர் பெயர் பதிவாகும். மறுநாள் சனிக்கிழமைக் கூட்டத்தில் அந்தப் படத்தைக் காட்டியபோது, இயந்திரம் தெரிந்தவன் என்று எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தீர்கள். நான் என்ன சொன்னேன்? கேமரா செய்தவன் சரியாகச் செய்யவில்லை, அது கேமராவின் கோளாறு, வெளியே எழுதி அனுப்பினால் சிரிப்பார்கள் என்றேன். என் பொறிதான் அந்தப் புள்ளியைப் போட்டுவிட்டது என்று மனதுக்குள் நடுங்கிக்கொண்டே சொன்னேன். நான் சொன்ன உறுதியில் ஒருவர்கூட மறுபடி விசாரிக்கவில்லை.

அக்கா சண்டை போடவில்லை. மூடியைப் போட்டு ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடும் என்றார். நமக்கெல்லாம் தெரிந்த சோதனைதானே? மூடி போட்டால் வெளிச்சம் வராது. அப்போதும் புள்ளி விழுந்தால் அது கேமராவுடையது, விழாவிட்டால் வானத்துடையது. பட்டப்பகலில், வீட்டுக்குள் உட்கார்ந்தே செய்யலாம். நானே செய்கிறேன் என்று கேமராவை வாங்கிப் போனேன். செய்தேனா? இரண்டு வாரம் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். புள்ளியைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அதற்குள் அக்கா படுத்துவிட்டார். கலிப்பா போன் செய்தாள். "அம்மா கேமராவைக் கேக்குறாங்கண்ணே. வேற எதையும் கேக்கல" என்றாள்.

மதியம் போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, திருகாணி முதல் பொறி வரை எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"திறந்தது தெரியும். முதல் படத்துலயே மூலையில ஒரு முடி சுருண்டு கெடந்துச்சு. நம்ம ஊர்ல கம்பளித் தொப்பியோட உக்காந்து ஸ்பானர் பிடிக்கிறவன் நீ ஒருத்தன்தான்."

"அப்பவே ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா எடுத்துத் தர்றேன்னு மறுபடி திறப்பே."

மூடியைப் போட்டேன். அந்தப் புள்ளி விழுந்த படத்துக்கு வைத்த அதே குளிர், அதே ஐந்து நிமிடம். "ரெண்டு பேரும் மூச்சைப் பிடிங்க" என்றார். மூடி போட்ட கேமராவுக்கு யார் அசைந்தால் என்ன? ஆனாலும் நானும் கலிப்பாவும் கல்லாக நின்றோம். படம் வந்தது. கன்னங்கரேல் என்று வந்தது. எலும்பில் விரிசல் தேடுவதுபோல அக்கா மூலை மூலையாகப் பெரிதாக்கிப் பார்த்தார். புள்ளி இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

"சுத்தமா இருக்கு. இப்ப விடுங்க" என்றார். நான் விம்மி அழுதுவிட்டேன். ஒரு கறுப்புப் படத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்று மாலையே, புது நட்சத்திரங்களைப் பதிவுசெய்யும் இடத்துக்கு எழுதி அனுப்பினோம். இரண்டு நாளில் பதில் வந்தது. நட்சத்திரம் உண்மைதான். ஆனால் ஜப்பானில் ஒருவர் முன்பே சொல்லிவிட்டார். அவர் படமெடுத்தது எப்போது தெரியுமா? அக்கா எடுத்ததற்கு மறுநாள் இரவு. அந்தச் சனிக்கிழமையே நான் மூடியைப் போட்டிருந்தால் பதிவாகியிருக்க வேண்டியது துர்துகுல் சாதிரோவா என்ற பெயர். நண்பர்களே, அதைக் கெடுத்தது கேமரா இல்லை, நான்.

இதையும் அக்காவிடம் போய்ச் சொன்னேன். "பேரு போனாப் போகுது. நான் பார்த்தது நிஜம். அது போதும்" என்றார். பிறகு, "கேமரா மேல பழி சொன்னது கூட்டத்துலதானே? கூட்டத்துலயே எடுத்துடு" என்றார். அடுத்த சனிக்கிழமை சொல்வதாக வாக்குக் கொடுத்தேன். வியாழக்கிழமை அவர் போய்விட்டார்.

அடக்கத்தின்போது வழக்கப்படி, இவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார்கள். நல்லவர் என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன், ஆனால் பாதியைத்தான் சொன்னேன். மீதி இதுதான். அவர் கண் தவறவில்லை. அவர் கேமரா தவறவில்லை. ஆண்ட்ரோமெடாவில் அந்த நட்சத்திரத்தை இரண்டு வாரமாக நாம் நம்பாமல் இருந்தோம், அவர் ஒருவர்தான் நம்பினார்.

அந்தக் கேமராவை கலிப்பா சங்கத்துக்கே கொடுத்துவிட்டாள். இதோ மேசைமேல் இருக்கிறது. அக்கா வழியிலேயே நாம் நடப்போம். இனி யார் எந்தப் புள்ளியைக் கொண்டுவந்தாலும் முதலில் மூடியைப் போடுவோம், அப்புறம்தான் வாயைத் திறப்போம். என் தொப்பி முடி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். நான் திறக்க மாட்டேன் என்று உங்கள் முன்னால் சத்தியம் செய்கிறேன்.

அக்கா, கூட்டத்தில் சொல்லிவிட்டேன். இப்போது மூச்சை விடுகிறேன்.