பாலத்துக்குத் தலைவரே எழுதிய மனு

லுமாவிக் நகரக் காவல் நிலையம், கேசான் மாகாணம், பிலிப்பைன்ஸ். 2023 ஆகஸ்ட் 24, வியாழக்கிழமை, பிற்பகல் 2 மணி.

என் பெயர் ஃபெலிசித்தாஸ் அப்ரெனிக்கா. வயது ஐம்பத்திரண்டு. கணவர் அம்ப்ரோசியோ, மீன்பிடிப் படகில் வேலை. பனுகாய் ஊரில், பள்ளிக்குப் பின்னால் ஓடையை ஒட்டிய மூன்றாவது வீட்டில் குடியிருக்கிறேன். மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். மெதுவாக வாசிப்பேன், என் பெயரை வேகமாக எழுதுவேன். பதினொரு ஆண்டுகளாக ஊர் அலுவலக வாசலில் தள்ளுவண்டி வைத்து துரோன், அதாவது வாழைப்பழத்தைச் சுருட்டிப் பொரித்த பலகாரம், விற்கிறேன். யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பெண் ஜொனாலின் ததேயோ, வயது இருபத்திரண்டு, ஊர்த் தலைவர் வில்ஃப்ரெதோ மக்புஹோஸ் அவர்களின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு, போலி முத்திரை குத்தி, அலுவலகத்தில் மனு கொடுத்ததாகப் புகார் வந்திருப்பது எனக்குத் தெரியும். அவளுக்கு ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. தன் மேல் வழக்கு இல்லை என்ற சான்றிதழை இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் அவள் கொடுக்க வேண்டும். புகார் நிற்கும் வரை சான்றிதழ் வராது.

ஜொனாலின் நகரத்தில் ஐந்து நாள் பயிற்சி எடுத்து வந்தவள். சனிக்கிழமைகளில் கூடைப்பந்துத் திடலில் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லித் தருகிறாள். பிள்ளைகள் ஊரில் உள்ள ஒரு குறையை நாடகமாகப் போடுவார்கள். அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, அடுத்த சனிக்கிழமை படுக்கை விரிப்பில் ஓட்டிக் காட்டி, எந்த இடத்தில் எப்படிக் கேட்டிருக்கலாம் என்று பேசுவார்கள். தலைவர் வேடத்துக்குப் பிள்ளைகள் யாரும் சரியாக வரவில்லை என்று என்னைக் கேட்டாள். "அக்கா, பதினொரு வருசமா வாசல்ல நின்னு கேட்டிருக்கீங்க, 'நாளைக்கு வா'ன்னு உங்கள மாதிரி யாராலும் சொல்ல முடியாது" என்றாள். நான் ஒப்புக்கொண்டேன்.

முத்திரை பற்றிச் சொல்கிறேன். உங்கள் மேசையில் உறையில் போட்டு வைத்திருப்பது என் வலது கால் செருப்பின் அடி ரப்பர். ஜோடி என் இடது காலில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். ஜொனாலின் அதில் 'பெற்றுக்கொண்டோம்' என்ற ஒரு சொல்லை மட்டும் செதுக்கினாள். அரசுச் சின்னமோ அலுவலகப் பெயரோ அதில் இல்லை. தேதியைப் பேனாவால் எழுதுவோம்.

ஆகஸ்ட் 12, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நாடகம் தொடங்கியது. ஒலிபெருக்கி கொடுத்தவர் என்பதால் தலைவர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்குப் பின்னால் உள்ள நடைபாலத்தில் பலகை போனதற்கு ஒரு தாய் மனு கொடுக்க வருகிறாள் என்பது கதை. ஜொனாலின் தாய். நான் கணவரின் வெள்ளைச் சட்டையைப் போட்டு, கோப்பால் விசிறிக்கொண்டு, பல்லைக் குத்திக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த நாடகத்தில் பார்ப்பவர் யாராக இருந்தாலும் இரண்டு முறை கைதட்டி 'நிறுத்து' என்று சொன்னால், மேடைக்கு வந்து மனு கொடுப்பவர் இடத்தில் நின்று தன் வழியில் கேட்க வேண்டும். தலைவர் நாற்காலியை மட்டும் யாரும் எடுக்கக் கூடாது. ஏன் என்று ஒத்திகையில் கேட்டேன். "நாற்காலில உக்காந்து நல்லவனா நடிக்கிறது சுலபம்க்கா. எதிர்ல நின்னு கேக்கத்தான் பழகணும்" என்றாள்.

நான் மூன்று பேரைத் திருப்பி அனுப்பிய பிறகு தலைவர் கைதட்டி 'நிறுத்து' என்று சொல்லிவிட்டு நேராக என் நாற்காலிக்கு வந்தார். அதன் பிறகு ஜொனாலின், "தலைவரே, விதி எல்லாருக்கும் ஒண்ணுதான், நீங்க அந்தப் பக்கம் நிக்கணும்" என்றாள். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டு எதிரில் நின்றார்.

"யாருய்யா நீ, எந்த வீடு?" என்று கேட்டேன்.

"என்னைத் தெரியலையா உனக்கு?" என்றார்.

"தெரிஞ்சவங்களுக்கு ஒரு வரிசை, தெரியாதவங்களுக்கு ஒரு வரிசை. நீ எதுல?" என்றேன். அதன் பிறகு, தலைவர் சேவல் சண்டைக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வா என்றேன்.

"நீதானம்மா தலைவர்," என்றார்.

"நான் நாற்காலி மட்டுந்தான். தலைவர் வந்து உக்காந்தாத்தான் தலைவர்," என்றேன். அதற்கு அவரே அதிகமாகச் சிரித்தார்.

அதன் பிறகு, வாயால் சொன்னால் காற்றோடு போகும், எழுதிக் கொண்டு வா என்றேன். "உங்களுக்கெல்லாம் மனு எழுதவே தெரியல, நான் காட்டுறேன் பாருங்க" என்று ஒரு தாள் வாங்கி, மேடை விளிம்பில் உட்கார்ந்து, தன் சட்டைப் பையில் இருந்த நீலப் பேனாவால் எழுதினார். பாலத்தில் மூன்று பலகைகள் இல்லை, கைப்பிடி உளுத்துவிட்டது, உடனே சீர்செய்ய வேண்டும் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். கடைசியில் வாலை இரண்டு சுழி சுழித்துத்தான் அவர் கையெழுத்துப் போடுவார், ஊருக்கே தெரியும். அப்போதும் சுழித்தார். நான் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஒரு மாதம் ஆகும் என்றேன். அவர் மேசையைத் தட்டி, "மூணு நாள்ல பதில் சொல்லணும்னு ஆபீஸ் வாசல் போர்டுல போட்டிருக்கு, போய்ப் படி" என்றார். திடலே கைதட்டியது. நான் எழுந்து நின்று முத்திரை குத்தினேன். அவர் கூட்டத்துக்குக் குனிந்து வணக்கம் வைத்துவிட்டு, என் வண்டியில் ஒரு துரோன் எடுத்துச் சாப்பிட்டபடி போனார். அன்று எல்லோரையும் விட நன்றாக நடித்தவர் அவர்தான் என்பதையும் எழுதிக்கொள்ளவும்.

அதன் பிறகு கூட்டத்தில் இருந்தவர்கள் தாங்களும் எழுதிக் கொண்டு வந்தார்கள். ஓடைக்கரை சலவைக்காரி மிலாக்ரோஸ் பாலத்தில் விழுந்து மணிக்கட்டு ஒடிந்தவள். இடது கையால் எழுதி வந்தாள். எல்லாவற்றையும் 'பெற்றுக்கொண்டோம்' என்று சத்தமாகச் சொல்லி வாங்கிக் கூடையில் போட்டேன்.

நாடகம் முடிந்ததும் பிள்ளைகள் நாற்காலி அடுக்கப் போனார்கள். கூடை என் வண்டியில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாடகத்துக்கு எழுதிய தாள் எது, நிஜமாக எழுதியது எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பெற்றுக்கொண்டோம் என்று வாயால் சொல்லி வாங்கிவிட்டு வீட்டில் வைத்துக்கொண்டால், நான் போட்ட வேடம் எனக்கே ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன். ஆகவே 14ஆம் தேதி திங்கட்கிழமை காலை, எல்லாத் தாள்களையும் நானே கொண்டுபோய் அலுவலகச் செயலர் நெஸ்தோரிடம் கொடுத்தேன். ஜொனாலினுக்கு இது தெரியாது. பெற்றதற்கு முத்திரை கேட்டேன். "முத்திரை இழுப்பறையில இருக்கு, சாவி தலைவர்கிட்ட இருக்கு, வச்சிட்டுப் போக்கா" என்றார். வைத்துவிட்டு வந்தேன். நான் செய்த பிழை அது. இப்போது யார் கொடுத்தார்கள் என்று நினைவில்லை என்கிறார். அவருக்கு அங்கேதான் பிழைப்பு, அவரைக் குறை சொல்லவில்லை.

புதன்கிழமை ஜொனாலினிடம் சொன்னேன். "அய்யோக்கா, அது நாடகத்துக்கு எழுதினது" என்றாள். "பாலத்துல போன பலகையும் நாடகந்தானா?" என்று கேட்டேன். விரல் மடக்கி நாள் எண்ணினாள். அதன் பிறகு, "அப்போ நாளையோட மூணு நாள் முடியுது" என்றாள்.

18ஆம் தேதி வெள்ளிக்கிழமை அவள் பிள்ளைகளோடு பதில் கேட்கப் போனாள். அப்போது நகராட்சிப் பொறியாளர் அங்கே வந்திருந்தார். நான் கொடுத்த தாள்களில் மேலே இருந்த தலைவரின் மனுவை எடுத்து வாய்விட்டுப் படித்துவிட்டு, "பாலம் போன வருசமே சரியாயிடுச்சுன்னு நீங்கதானே அறிக்கை அனுப்பினீங்க, தலைவரே?" என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் வாசலில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றிருந்தேன். அதன் பிறகு ஜொனாலினைப் பார்த்து, "இது என் கையெழுத்து இல்ல, இந்தப் பொண்ணு போட்டது" என்றார்.

நீங்கள் எடுத்து வைத்திருக்கும் ஜொனாலினின் கைப்பேசியில் அந்தப் படம் இருக்கிறது. பன்னிரண்டாவது நிமிடத்தில் இருந்து பார்க்கவும். பேனாவும் தெரியும், சுழியும் தெரியும். தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தது குற்றமானால் அது என்னுடையது.

மேலே எழுதியிருப்பதை அலுவலர் எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. யாரும் என்னை மிரட்டவில்லை.

அலுவலர் குறிப்பு: வாக்குமூலம் அளித்தவர், நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வைத்துத் தராமல் கையெழுத்திட முடியாது என்றார். முத்திரை உள்ள இழுப்பறையின் சாவி நிலைய ஆய்வாளரிடம் இருப்பதாகத் தெரிவிக்கப்பட்டது. காத்திருப்பதாகச் சொல்லி உட்கார்ந்தார். 4.40க்கு ஆய்வாளர் வந்ததும் முத்திரை வைத்து நகல் கொடுக்கப்பட்டது. அதன் பிறகு கையெழுத்திட்டார்.

(ஒப்பம்) ஃபெலிசித்தாஸ் அப்ரெனிக்கா