இருபதடி தள்ளி நின்று

சுருளி: இன்னும் எங்கண்ணே தள்ளிப் போற?

செல்லத்துரை: டாக்டரு இருபதடி தள்ளி நிப்பாருன்னு பட்டாளத்துல இருந்த நஞ்சப்பண்ணன் சொல்லியிருக்காரு. லயத்து வீட்டுக்குள்ள இருபதடிக்கு எங்க போறது? அடுத்த வீட்டுக்காரன் அடுப்புலதான் போயி முட்டணும். இந்தா, வாசலுக்கு வெளிய வந்துட்டேன்.

சுருளி: மழை தூறுதுண்ணே. நனைஞ்சிறாத.

செல்லத்துரை: நீ நாளைக்குக் கொச்சியில மிலிட்டரி டாக்டர் முன்னாடி நிக்கப் போற. நான் நனைஞ்சா என்ன, காய்ஞ்சா என்ன... வலது காது முடிஞ்சிருச்சு. இப்ப இடது. வலதப் பொத்திக்க. நான் குசுகுசுன்னு ஒரு பேரு சொல்லுவேன். சொன்னதும் கதவுல ஒரு தட்டு. தட்டுன பெறகு நீ சொல்லணும்.

சுருளி: ஒரு வாரமா இதத்தான செய்றோம். பொத்திட்டேன்... சொல்லு.

செல்லத்துரை: தேவிகுளம்.

சுருளி: தேவிகுளம்!

செல்லத்துரை: பூப்பாறை.

சுருளி: பூப்பாறை!

செல்லத்துரை: சாந்தன்பாறை.

சுருளி: சாந்தன்பாறை!

செல்லத்துரை: உடும்பஞ்சோலை.

சுருளி: உடும்பஞ்சோலை!

செல்லத்துரை: நெடுங்கண்டம்.

சுருளி: நெடுங்கண்டம்!... அவ்வளவுதான? கைய எடுக்கட்டா?

செல்லத்துரை: எடு, எடு. ஒண்ணு கூடத் தப்பல. யாரு தங்கச்சி!

ராமுத்தாய்: அது சரி. என் நாத்தனாள மிலிட்டரி நர்சுப் படிப்புக்கு அனுப்புறீகளா, பஸ்ஸுக்குக் கண்டக்டரா அனுப்புறீகளா? ஒரு வாரமா அந்த வண்டி நெடுங்கண்டத்தத் தாண்ட மாட்டேங்குதே.

சுருளி: மதினி, கேலி பண்ணாதீக. வயித்தக் கலக்குது.

ராமுத்தாய்: கலக்கட்டும். கலங்குனாத்தான் தெளியும். மாமா, அந்தக் கொடத்தத் தூக்கிட்டுப் பைப்புக்குப் போங்க... மாமா... ஏ மாமா! தண்ணீ...!

செல்லத்துரை: ஆங்? என்னது?

ராமுத்தாய்: பாத்தியா சுருளி? தேயிலை பேக்டரி ரோலிங் ரூம்ல பத்து வருசம் நின்னா இதான் கதி. மெஷினுச் சத்தம் இவரு காதத் தின்னுருச்சு. நேத்து வெறகு பொளக்கச் சொல்லிக் கத்துனேன், கத்துனேன்... மனுசன் கல்லு மாதிரி உக்காந்திருக்காரு.

செல்லத்துரை: நீ மொள்ளப் பேசுனா எனக்கு எப்படிக் கேக்கும்?

ராமுத்தாய்: இதுக்கு மேல கத்துனா பங்களாவுல தொரைக்கே கேட்டுரும். நல்ல வேளை, மெடிக்கலு ஒனக்கு. இவருக்குன்னா வாசல்லயே செவிடுன்னு எழுதித் திருப்பி விட்டுருப்பாக.

சுருளி: செவிடுன்னு சொல்லாதீக மதினி.

ராமுத்தாய்: ஏன், ஒனக்குச் சுருக்குங்குதா? என் புருசன், நான் சொல்றேன்.

சுருளி: சொல்லாதீகன்னா விடுங்களேன்...

ராமுத்தாய்: சரி தாயி, விட்டேன். அடுத்தது என்ன? எடையா?

சுருளி: ஐயோ, எடைன்னு சொன்னாலே ஏப்பம் வருது. ஒரு மாசமா வாழப்பழமா ஊட்டியே கொன்னுட்டீக.

ராமுத்தாய்: எஸ்டேட் ஆஸ்பத்திரித் தராசுல ஏறுனப்ப கம்பவுண்டரு என்ன சொன்னாரு? "கொழுந்துக் கூடை ஒன்னையவிட கனமா இருக்கும்"னாரா, இல்லையா? இப்பப் பாரு, கன்னத்துல கொஞ்சம் சதை. நாளைக்குத் தராசுல ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு செம்பு தண்ணி குடிச்சிரு.

சுருளி: மூத்திரத்தையும் புடிச்சுத் தரச் சொல்லுவாகளாம் மதினி.

ராமுத்தாய்: அப்ப அதுக்கும் ஆச்சு, இதுக்கும் ஆச்சு.

செல்லத்துரை: பாதம் பாத்தாச்சா? தட்டப் பாதமா இருந்தா எடுக்க மாட்டாகளாம்.

சுருளி: நனைச்சுச் சிமிண்டுத் தரையில வச்சுப் பாத்தேன். நடுவுல பள்ளம் நல்லாத் தெரியுது.

ராமுத்தாய்: தேயிலைக் காட்டு மேட்டுல ஏறி எறங்குன காலு. பள்ளம் இல்லாம எப்படி இருக்கும்?

சுருளி: அட்டை கடிச்ச தழும்பு இருக்கே, கெண்டைக்கால் முழுக்க. சொறி செரங்குன்னு நெனைச்சுட்டா?

செல்லத்துரை: அட்டைன்னு சொல்லு. பட்டாளத்துக்காரனுக்கு அட்டையத் தெரியாதா? நஞ்சப்பண்ணனக் கடிச்ச அட்டைக்குக் கணக்கே இல்லையாம், வங்காளச் சண்டையில.

சுருளி: அவரு ஆம்பளைகளுக்குப் பாத்ததத்தான சொல்றாரு? பேக்டரி லாரி ஓட்டுறவருக்கு நர்சுகளப் பத்தி என்ன தெரியும்?

செல்லத்துரை: தெரியாமலா? கால்ல குண்டு பட்டு மாசக்கணக்கா மிலிட்டரி ஆஸ்பத்திரியில கெடந்த மனுசன். ஒரு நர்சம்மா தெனமும் கட்டுப் பிரிச்சுக் கட்டுமாம். "எங்க அம்மாவாட்ட பாத்துச்சுங்க தம்பி"ன்னு சொல்லும்போதே அவருக்குக் கண்ணு கலங்கிரும்.

ராமுத்தாய்: அந்த முதலமடைக்காரரு நஞ்சப்பண்ணன் பேச்ச அப்படியே எடுத்து விடுறீக. தண்ணின்னாத்தான் காது அடைச்சிக்கிரும்.

சுருளி: மதினி... துணியெல்லாம் அவுக்கச் சொல்லுவாகளா?

ராமுத்தாய்: ஏ மாமா, பொம்பள டாக்டருதான பாப்பாக?

செல்லத்துரை: பொம்பளைகளுக்குப் பொம்பள டாக்டருதான். "அம்முணி ஒண்ணும் பயப்பட வேண்டாமுங்க"ன்னாரு. கேட்டதுக்குப் பதில் சொல்லணும், கேக்காததச் சொல்லக் கூடாது. அம்புட்டுத்தான்.

சுருளி: கேக்காததச் சொல்லக் கூடாது... அப்படியா சொன்னாரு?

செல்லத்துரை: அப்படித்தான்.

சுருளி: வேலைக்குப் போட்ட அபேக்ஷைப் பாரத்துல கோட்டயம் ஜில்லான்னு எழுதிட்டு, அத அடிச்சு இடுக்கின்னு எழுதுனோமே. அதையும் புடிச்சுக்குவாகளோ?

செல்லத்துரை: ஜில்லாவப் பிரிச்சது சர்க்காரு. அதுக்கு நீ என்ன பண்ணுவ? எழுத்துப் பரீச்ச பாசு, இண்டர்வியூ பாசு. இந்த மெடிக்கலு ஒண்ணுதான பாக்கி? ஏன் இப்படிக் கெடந்து தவிக்கிற?

ராமுத்தாய்: தவிக்காம? காலையில கங்காணி என்னய நிறுத்திக் கேட்டாரு. "ஒன் நாத்தனா சும்மா திரும்பி வந்தா, திங்கக்கெழமையே கொழுந்துக்குப் பேரு பதிஞ்சுறட்டா?"ன்னு.

சுருளி: நீங்க என்ன சொன்னீக?

ராமுத்தாய்: "கூடைய வேற ஆளுக்குக் குடுங்க, எங்க பிள்ள வராது"ன்னேன்.

சுருளி: வந்துட்டா?

ராமுத்தாய்: வாயக் கழுவு!

சுருளி: இல்ல மதினி... இன்பமேரியும் என் கூடப் பத்தாப்பு பாசானவதான். ஒரு மாசத்துக்குன்னுதான் கூடைய மாட்டுனா. இப்ப ரெண்டு பிள்ளைக்குத் தாயி. நேத்து என்னப் பாத்து, "நீயாச்சும் போயிருடி, திரும்பி வராத"ன்னு கையப் புடிச்சுக்கிட்டா. எம்மேல அவளுக்கு எம்புட்டு நம்பிக்க...

ராமுத்தாய்: அவளுக்கு மட்டுமா? மேல்லயத்துல ஒருத்தி ஊசி போட ஆள் வரப்போகுதுன்னு இப்பவே காய்ச்சல வச்சுக்கிட்டுக் காத்திருக்கா. சரி சரி, மூக்கச் சிந்தாத. ஒன் வெள்ளைச் சேலையத் தொவச்சுக் காயப் போட்டிருக்கேன், அடுப்புக்கு மேல. பொகை வாசம் அடிச்சா அடிக்கட்டும். மாமா, தண்ணி எடுக்கப் போறீகளா, இல்லையா?... பாரு, திரும்பிக் கூடப் பாக்கல. அங்கிட்டு மூஞ்சிய வச்சுக்கிட்டு என்ன செய்றீக?

செல்லத்துரை: ட்ரங்குப் பொட்டிக்குக் கயிறு கட்டுறேன். பூட்டு விழ மாட்டேங்குது.

ராமுத்தாய்: கட்டுங்க, கட்டுங்க. நானே போறேன். இந்த மனுசன நம்பி உல வச்சா அரிசி நாளைக்குத்தான் வேகும்.

சுருளி: நான் போறேன் மதினி.

ராமுத்தாய்: நீ நனைஞ்சு தும்மிக்கிட்டு டாக்டர் முன்னாடி போயி நிக்கிறதுக்கா? உக்காரு பேசாம. வந்துடுறேன்.

சுருளி: அண்ணே.

சுருளி: அண்ணே... கயிறு பொட்டிக்கு அடியில சிக்கியிருக்கு.

சுருளி: கேக்கல... ம். மதினி சொன்னது நெசந்தான். பாவம்ணே நீ... நல்லதுதான். ஒன் மூஞ்சியப் பாத்து என்னால சொல்ல முடியாது. ஒன் முதுகுக்கிட்டயே சொல்லிடுறேன்.

சுருளி: எனக்கு இடது காது கேக்காதுண்ணே. மூணாப்பு படிக்கையில சீழ் வந்துச்சே, அப்பப் போனது. கம்பவுண்டரு சொட்டு மருந்து விட்டாரு, வலி நின்னுச்சு, சரியாப் போச்சுன்னு நான்தான் சொன்னேன். சரியாப் போகல. சத்தம் போட்டா ஏதோ தூரத்துல கேக்குற மாதிரி இருக்கும். குசுகுசுன்னா சுத்தமா ஒண்ணும் விழாது.

சுருளி: நீ சொன்ன ஒரு பேரு கூட எனக்குக் கேக்கலண்ணே. கதவத் தட்டுற சத்தந்தான் கேட்டுச்சு. நீ எப்பவும் பஸ் போற வழியிலயே சொல்லுவ. நானும் பஸ் போற வழியிலயே சொன்னேன். தேவிகுளம் முடிஞ்சா பூப்பாறைன்னு லயத்துல கெடக்குற கோழிக்குக் கூடத் தெரியும்...

சுருளி: பள்ளிக்கூடத்துல எப்பவும் இடது கோடியில, செவுத்தோரமாத்தான் உக்காருவேன். அப்பத்தான் எல்லாரும் நல்ல காதுப் பக்கம் இருப்பாக. செவிட்டுச் சுருளின்னு ஒரு வாயி சொல்லிறக் கூடாதுன்னு... ஒருத்தருக்கும் தெரிய விட்டதில்ல. அம்மா சாகுற வரைக்கும் அம்மாவுக்கும் தெரியாது.

சுருளி: நாளைக்கு அந்த டாக்டரு பஸ் போற வழியிலயா சொல்லப் போறாரு? எனக்கு அந்த வெள்ள உடுப்பு வேணும்ணே. ரொம்ப ஆசையா இருக்கு. பயமாவும் இருக்கு. நீ இம்புட்டுப் பாடுபட்ட பெறகு, காது கேக்காதுன்னு திருப்பி அனுப்பிட்டாக அண்ணேன்னு இந்த வாசல்ல வந்து எப்படி நிப்பேன்?

செல்லத்துரை: வந்து நில்லு. கதவு தொறந்துதான் இருக்கும்.

சுருளி: அண்ணே! நீ... ஒனக்குக் கேக்குதா?

செல்லத்துரை: தண்ணி, வெறகு... இது ரெண்டும்தான் கேக்காது. ஒன் மதினிகிட்டச் சொல்லிறாத. அவ அப்பறம் என்னய உக்கார விட மாட்டா.

சுருளி: அப்ப அம்புட்டையும் கேட்டியா?

செல்லத்துரை: அழுகாத. கேக்காம தெரிஞ்சதுதான அது. ஒனக்கு இடது பக்கமா நான் நடந்து வந்தா, பேச்சு வாக்குல சுத்திக்கிட்டு வந்து என் இடது பக்கம் நிப்ப. எட்டு வயசுலருந்து அப்படித்தான். அது தெரியாதவனா ஒனக்கு அண்ணன்?

சுருளி: தெரிஞ்சுக்கிட்டேவா தெனமும் மழையில நின்னு ஊர்ப் பேரு சொன்ன?

செல்லத்துரை: வலது காதுக்குக் கண்ட பேரையும் மாத்தி மாத்திச் சொன்னேன்ல? இடதுக்கு மட்டும் ஏன் மாத்தலேன்னு யோசிச்சியா நீ?

சுருளி: ஏன் மாத்தல?

செல்லத்துரை: மாத்தியிருந்தா நீ அன்னைக்கே பொட்டியத் தூக்கிப் பரண்ல போட்டுருப்ப.

சுருளி: போட்டிருந்தா இந்த வேதனையாச்சும் இல்லாமப் போயிருக்கும். எடுக்க மாட்டாகன்னு ஒனக்கே தெரியுது. அப்பறம் எதுக்குண்ணே என்னய அம்புட்டுத் தூரம் கூட்டிட்டுப் போற?

செல்லத்துரை: நஞ்சப்பண்ணன் சொன்னதுல ஒண்ண மட்டும் ஒங்கிட்ட மறைச்சுட்டேன் தாயி. குசுகுசுன்னு சொல்றதுக்கு முன்னாடியே, காதுக்குன்னே இருக்குற டாக்டரு ஒருத்தரு உள்ள வெளிச்சம் அடிச்சுப் பாப்பாராம். காதுச் சவ்வுல ஓட்டை இருந்துச்சுன்னா, ஆப்பரேசன் பண்ணி அடைச்சுக்கிட்டு மறுபடி வான்னு சொல்லுவாராம். அப்படி ரெண்டாந்தடவ போயிச் சேந்த பய ஒருத்தன் அவரு கூடவே இருந்தானாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு வா, காதக் காட்டுவோம்னு நானும் வருசத்துக்கு ஒரு வாட்டி கெஞ்சுனேன்... "எனக்கென்ன கேடு"ன்னு சண்டைக்குத்தான வந்த? வைத்தியத்துக்குன்னா நீ வர மாட்ட, வேலைக்குன்னா வருவ. அதான் அந்த அபேக்ஷையே போட்டேன். எடுத்தாகன்னா நான் இந்த லயம் முழுக்க முட்டாய் குடுப்பேன். எடுக்கலேன்னாலும், நாளைக்கு ஒன் காத ஒரு டாக்டரு பாக்கப் போறாருல்ல... அது போதும் எனக்கு.