பின்னால் எடுக்க முடியாத வண்டி

— மறுபடியும் சொல்றேன் ஆர்வில், நான் கட்டில்ல இல்ல.

— கதை விடாத நெல்டா. நேத்து ராத்திரியில இருந்து கதவச் சாத்திக்கிட்டு உள்ள படுத்திருக்க. கோபம் தணிஞ்சிருந்தா வெளிய வா. ஓடுற வீட்டு வண்டிக்குள்ள, பத்தடி தூரத்துல படுத்துக்கிட்டு, புருஷனப் போன்ல கூப்பிடுற பொண்டாட்டி இந்த உலகத்துலயே நீ ஒருத்திதான் அம்மணி.

— உன் பக்கத்துல சார்ஜ்ல ஒரு போன் கிடக்குதா பாரு.

— கிடக்குது. உன் போன்தான்.

— அப்ப நான் யார் போன்ல பேசுறேன்?

— அதானே. யார் போன்ல பேசுற?

— நான் குறுக்க பேசக் கூடாது அண்ணே, ஆனா அது என் போன். என் பேரு ட்ரூடி. காஸ்பர் ஊர் தாண்டி ஒரு பங்க்ல டீசல் போட்டீங்கள்ல? அங்க உங்க வீட்டுக்காரம்மா பூப்போட்ட ராத்திரி கவுனும் பஞ்சுச் செருப்புமா, நடு ரோட்டப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. இப்ப அக்காவுக்குக் கை ரெண்டும் வேலையா இருக்கு. அதனால போன நான் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்.

— ஐயோ நெல்டா! நீ எப்ப இறங்கின?

— நீ டீசல் போடும்போது. பக்கக் கதவு வழியா. கடைக் கழிப்பறைக்குப் போனேன்.

— நம்ம வண்டியிலயே கழிப்பறை இருக்கேடி! ராஜா வீட்டுக் கழிப்பறை!

— இருக்கு. அதுல போனா டேங்க் நிறைஞ்சிடும்னு கத்துறது யாரு? பத்து வருஷமா வீட்ட வித்துட்டு ரோட்லயே குடித்தனம் பண்றோம். இந்த தேசத்துல எந்த ஊர் பங்க்ல கழிப்பறை சுத்தம்னு கேளு, தூக்கத்துல சொல்றேன். நம்மளோடது என்ன நிறம்னு கேட்டா யோசிக்கணும்.

— அந்த டேங்கக் காலி பண்றது யாரு? நான்! ட்ரூடியம்மா, நீங்களே கேளுங்க. ஐடஹோவுல ஒரு தடவை குழாய் கழண்டுக்கிச்சு. சத்தியமா சொல்றேன், மூணு ஊருக்கு அடிச்ச நாத்தத்துல பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுட்டாங்க. கழுகெல்லாம் மூக்கப் பொத்திக்கிட்டுப் பறந்துச்சு.

— அவன் ஷூ நனைஞ்சது. அவ்வளவுதான் ட்ரூடி.

— இரு, இரு. நீ அங்க இறங்கிட்டன்னா, நான் வழி நெடுக யார்கிட்டப் பேசிட்டு வந்தேன்?

— கர்னல் எங்க?

— இங்கதான், என் சீட்டுக்கு அடியில... காணோமே.

— கட்டில்ல இருப்பான். என் தலையணையில.

— நாயா? நெல்டா, உள்ள இருந்து பெருமூச்சு கேட்டுச்சு! நான் ஒவ்வொண்ணு சொல்லும்போதும் ஒரு பெருமூச்சு. அப்படியே உன் பெருமூச்சு!

— அவனுக்கும் வயசாச்சு. அவனும் பத்து வருஷமா உன் பேச்சக் கேக்கிறான்.

— குறட்டை கூட வந்துச்சே.

— நான் குறட்டை விடுறதில்ல.

— சரி, அத விடு. வழியில நிறுத்தி செர்ரி கேக் சாப்பிட்டேன். மனசு கேக்காம உனக்கும் ஒரு துண்டு வாங்கி, கதவ லேசாத் திறந்து தட்ட உள்ள தள்ளினேன். கொஞ்ச நேரத்துல பார்த்தா தட்டு பளபளன்னு, கழுவி வெச்ச மாதிரி இருக்கு. சரி, கோபம் தணிஞ்சிருச்சுன்னு நினைச்சேன்.

— நான் கோவிச்சுக்கிட்டா தட்ட நக்குவேனா ஆர்வில்?

— நான் குறுக்க பேசக் கூடாது அண்ணே, ஆனா நாங்க அப்ப இருந்து ஆறேழு தடவை உங்களுக்குப் போன் போட்டோம்.

— தெரியாத நம்பர எடுக்க மாட்டேன் தாயே. போன மாசம் ஒருத்தன் எனக்குக் கல்லறைக்கு இடம் விக்கப் பார்த்தான்.

— அக்கா ஏன் கோவிச்சுக்கிட்டு உள்ள படுத்தாங்கன்னு மட்டும் அவங்க சொல்லவே இல்ல.

— நான் சொல்றேன். நியாயத்த நீங்களே தீருங்க. நேத்து ராத்திரி சூப் குடிச்சுக்கிட்டு இருக்கோம். திடீர்னு இவ கரண்டிய வெச்சா. 'ஆர்வில், எனக்கு இந்தப் பொழப்பு போதும். நெப்ராஸ்காவுல நம்ம பொண்ணு டார்லா வீட்டுக்குப் பக்கத்து மஞ்சள் வீடு விலைக்கு வந்திருக்கு. அதுல பாத்டப் இருக்கு. நாளைக்கு ஷயேன் சந்திப்புக்குள்ள முடிவு பண்ணு. கிழக்க திரும்பினா மஞ்சள் வீடு. நேரா தெற்க போனா உன் அரிசோனா. அது வரைக்கும் உங்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்'னா. அப்படியே போய்க் கதவச் சாத்திட்டா. என் சூப் ஐஸாப் போச்சு.

— சூடாத்தான் இருந்துச்சு.

— அரிசோனான்னா சும்மா இல்ல ட்ரூடியம்மா. குளிர்காலம் பூரா பாலைவனத்துல நம்மள மாதிரி வண்டிங்க எறும்புப் புத்து மாதிரி நிக்கும். சாயங்காலமானா நடுவுல நெருப்பு, சுத்தி நாற்காலி. நான் வாயத் திறந்தா ஐந்நூறு பேர் கூடுவாங்க.

— எட்டு பேர். அதுல ரெண்டு பேருக்குக் காது கேக்காது.

— நானும் அங்கதான் போறேன் அண்ணே, வருஷா வருஷம். வீட்டுக்காரர் போனதுல இருந்து தனியா.

— பார்த்தியா நெல்டா! எல்லாரும் போறாங்க. ஆனாலும் நான் என்ன பண்ணேன் தெரியுமா? வழி பூரா அந்த மூடின கதவுகிட்டப் பேசினேன். அழுதேன். வைபர் போட வேண்டியிருந்துச்சு, அவ்வளவு கண்ணீர். கடைசியில கேட்டேன், 'நெல்டா, அந்த வீட்டுக்கே போயிடலாமா? வாயால சொல்ல வேண்டாம், சரின்னா கட்டில்ல ஒரு தட்டு தட்டு'ன்னேன். தொப்பு, தொப்பு, தொப்புன்னு மூணு தட்டு! இவ்வளவு ஆசைய மனசுல வெச்சிருந்தியான்னு உடனே டார்லாவக் கூப்பிட்டு, அந்த வீட்ட நாங்களே எடுத்துக்கிறோம்னு சொல்லச் சொல்லிட்டேன்.

— ஆர்வில். 'வீட்டுக்குப் போலாமா'ன்னு கேட்டா வாலாட்டுறது யாரு?

— கர்னல்தான்.

— அப்ப நாம வீடு வாங்குறது கர்னல் வாலு சொன்னதுக்காகவா?

— தப்பு. முடிவெடுத்தது நான். அவன் வாலு ஆமோதிச்சது.

— நிஜமாவே டார்லாகிட்டச் சொல்லிட்டியா?

— சொல்லிட்டேன். அவ சந்தோஷத்துல கத்தினதுல காது இன்னும் அடைச்சிருக்கு. என் நெருப்பு, என் நாற்காலி, என் ஐந்நூறு பேர், எல்லாத்தையும் உன் பாத்டப்புக்காகத் தியாகம் பண்ணிட்டேன். வரலாறு பேசும் நெல்டா!

— நான் நினைக்கல ராசா. நீ விட்டுக் குடுப்பன்னு நான் நினைக்கவே இல்ல.

— அழறியா?

— இல்ல, காத்து. ஜன்னல் திறந்திருக்கு. ஆர்வில், ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். என்னக் கூட்டிட்டுப் போகத் திரும்பி வர்றியா?

— வராம? உனக்காக நான் நடந்தே வருவேன்! ஆனா பாரு, நம்ம வண்டி நாப்பதடி. பின்னாடி நம்ம காரு வேற கட்டி இழுத்துக்கிட்டு வருது. இதத் திருப்பணும்னா ஒரு மாநிலமே வேணும். காரு மாட்டியிருக்கிற வரைக்கும் ஓரடி ரிவர்ஸ் எடுக்க முடியாதுன்னு உனக்கே தெரியும்.

— காரக் கழட்டு. வண்டிய ஓரமா விட்டுட்டுக் கார்லயே வா.

— எப்படிக் கழட்டுறது? கொக்கி விடணும்னா நான் வண்டிய ஒரு விரக்கடை முன்ன பின்ன நகத்தணும். வெளிய ஒரு ஆள் நின்னு கை காட்டணும். அந்த ஆள் நீதானே! நீ இல்லாம நான் எப்படி உன்னக் கூப்பிட வர்றது?

— நான் குறுக்க பேசக் கூடாது, ஆனா இப்படி ஒரு சாக்க நான் ஒரு தடவை கூடக் கேட்டதில்ல அண்ணே.

— காத்த வேற பார்த்தீங்களா? வயோமிங் காத்து. இப்பத்தான் ஒரு பசு மாடு குறுக்க பறந்து போச்சு. நெல்டா, நான் சொல்றதக் கேளு. நீ அந்த பங்க்லயே பத்திரமா இரு. நான் நேரா டார்லா வீட்டுக்குப் போயி, நாளைக்கு அவள அவ கார்ல அனுப்புறேன்.

— நாளைக்கா?

— மிஞ்சிப் போனா நாளன்னிக்கு.

— கவுனோட.

— அந்தக் கவுன் உனக்கு நல்லாத்தான் இருக்கும். ட்ரூடியம்மாவும் தங்கமானவங்களாத் தெரியுது.

— சரி ராசா. நீ சொன்னா சரி. ஒண்ணு யோசிச்சுப் பார்த்தேன். நீ எல்லா ஊரையும் கண்ணாடி வழியாப் பார்த்த. நான் பத்து வருஷமா உன் வண்டிக்குப் பின்னாடி நின்னு, பின்பக்கமா நடந்தே பார்த்தேன். மழையில, சேத்துல, கொசுக்கடியில. வா வா, இடது, இன்னும் இடது, நில்லு. நீ சரியா வந்து நின்னுட்டா என் தலைய நானே ரெண்டு தட்டு தட்டிக்குவேன்.

— உன்ன மாதிரி சைகை காட்ட ஆளே இல்ல அம்மணி. நீ தலையில தட்டினாத்தான் எனக்கு உயிரே திரும்பி வரும்.

— நான் ஓட்டட்டுமான்னும் கேட்டிருக்கேன். ஞாபகம் இருக்கா?

— வேண்டாம்னு உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். இந்த ஸ்டியரிங் பொம்பளைங்க கைக்கு அடங்காது. முதலையோட மல்லுக்கட்டுற மாதிரி!

— நான் ஓட்டுறேனே அண்ணே.

— உங்க வண்டி எத்தன அடி?

— இருபத்தஞ்சு.

— அது வண்டி இல்ல தாயே, ரொட்டி டப்பா. என் வண்டிய ஓட்டுறவன் ஆம்பளையா இருக்கணும், அதுலயும் நானா இருக்கணும். ஆனா ஒண்ணு ஒத்துக்கிறேன், எனக்கு அடுத்தபடியா ஒருத்தன் இருக்கான். இப்ப என் பின்னாடிதான் வர்றான். பச்சைக் கோடு போட்ட சின்ன வண்டி. ஒரு மலை இறக்கம் முழுக்கப் பார்த்துக்கிட்டே வர்றேன். இந்தப் பேய்க் காத்துல, நூல் பிடிச்ச மாதிரி வர்றான்யா!

— அப்படியா? நல்லா ஓட்டுறானா?

— லாரிக்காரனாத்தான் இருக்கணும். முப்பது வருஷ அனுபவம் சொல்லலாம். என்ன நிதானம்! என்ன இடைவெளி! நெருங்குறதும் இல்ல, விலகுறதும் இல்ல. இப்படி ஓட்டுறதுக்குப் பிறவியிலயே வரணும். ட்ரூடியம்மா, ஏன் இப்படிச் சிரிக்கிறீங்க?

— புரையேறிடுச்சு அண்ணே.

— ஆர்வில், ஷயேன் சந்திப்பு வந்துருச்சா?

— பலகை தெரியுது. கிழக்க நெப்ராஸ்கா. நேரா போனா தெற்கு. ஐயோ, அரிசோனா என்னப் பார்த்துக் கண்ணடிக்குது நெல்டா.

— இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல. மனசு இல்லன்னா நேரா போயிடு. டார்லாகிட்ட நான் பேசிக்கிறேன். கோவிச்சுக்க மாட்டேன், சத்தியமா.

— முடியாது! ஆர்வில் வாக்குக் குடுத்தா குடுத்ததுதான்.

— நல்லா யோசிச்சுக்கோ. அந்த வளைவுல ஏறிட்டா ஏறினதுதான்.

— யோசிக்க ஒண்ணுமே இல்ல. இதோ, இண்டிகேட்டர் போட்டுட்டேன். இனிமே நீ கை காட்ட வேண்டாம், கொசுக்கடி வேண்டாம். காலையில எழுந்தா சுவர், சாயங்காலம் வந்தாலும் அதே சுவர். பாத்டப்ல சாயங்காலம் பூரா ஊறு.

— ஏறிட்டியா?

— முன் சக்கரம் ஏறிடுச்சு.

— பின்னாடி காரு?

— அதுவும் ஏறிடுச்சு. மொத்தமா ஏறிட்டேன். போயிட்டு வர்றேன் பாலைவனமே! அட, அந்தப் பச்சைக் கோட்டுக்காரன் திரும்பல. நேரா தெற்க போறான். குடுத்து வெச்ச பய. ஹாரன் அடிக்கிறான் பாரு, வாத்தியாருக்கு சல்யூட் வெக்கிற மாதிரி. ஜன்னல் பக்கமா ஏதோ சைகை காட்டுறான். என்னடா இது, தன் தலையில தானே தட்டிக்கிறான். ரெண்டு தட்டு... நெல்டா?

— சொல்லு ராசா.

— நெல்டா, அந்த ஆளு பூப்போட்ட கவுன் போட்டிருக்கான்!

— டார்லாவுக்கு நான் குடுத்ததா ஒரு முத்தம் குடு. கர்னலுக்கு ராத்திரி மாத்திரைய வெண்ணெயில வெச்சுக் குடு. பனி உருகினதும் வந்து பாத்டப்பப் பார்க்கிறேன்.

— உனக்கு ரோடு போதும்னு சொன்னியேடி!

— எனக்குப் போதும்னு ஆனது ரோடு இல்ல ஆர்வில். அந்தப் பக்கத்து சீட்டு. அது இன்னைக்குக் காலையிலதான் எனக்கே தெரிஞ்சது.

— இரு, நில்லு, நானும் வர்றேன்! ஐயோ, வளைவுல இருக்கேன், பின்னாடி லாரி வேற... என்னால ரிவர்ஸ் எடுக்க முடியாதுடி!

— தெரியும் ராசா. அதனாலதான் நீ முழுசா ஏறி முடிக்கிற வரைக்கும் உன் பின்னாடியே வந்தேன்.